யாருக்கு எளிது?

கத்திரி வெயில் வந்துவிட்டால் செங்கற்பட்டுப் பக்கத்தில் எல்லாருடைய பேச்சும் இரண்டே விஷயங்களில் வந்து நிற்கும். ஒன்று தண்ணீர், மற்றொன்று சோறு. மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28ஆம் தேதி வரையில் அக்கினி நட்சத்திரம். பாலாற்றில் மணல் கொதிக்கும். கொளவாய் ஏரிக்கரையில் நடந்தால் காற்று முகத்தில் அறைவது போல் இருக்கும். மாமல்லபுரத்துப் பாறைகளை உச்சிப் பொழுதில் தொட முடியாது. இந்த நாட்களில் சாப்பாட்டில் மனம் செல்வதில்லை; சமைப்பதிலோ இன்னும் செல்வதில்லை. ஆகவே பத்திரிகைகள் தோறும் ‘கோடைக்கு ஏற்ற எளிய சமையல்’ என்று ஒரு பக்கம் வந்துவிடுகிறது. நீர்மோர், பானகம், வெள்ளரிப் பச்சடி, மாங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். படிக்கும்போதே தொண்டை குளிர்கிறது.

நானும் அவற்றை விரும்பிப் படிக்கிறவன்தான். ஆனால் ‘எளிய’ என்ற அந்த அடைமொழியில் என் கண் ஒவ்வொரு தடவையும் தயங்கி நிற்கிறது. எளிது என்றால் யாருக்கு எளிது? உண்பவனுக்கா? அவன் வயிற்றுக்கா? அவன் பணப்பைக்கா? அல்லது அடுப்படியில் நிற்கிறவளுக்கா? இந்த நான்கும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் நாம் பேசுகிறோம். ஒன்றல்ல.

எங்கள் உறவில் ஒரு பெரியவர் இருந்தார். எளிமைக்குப் பெயர் போனவர். விருந்துக்குப் போனாலும் இலையில் பாதியை விலக்கிவிடுவார். “எனக்கு எதுக்கம்மா இவ்வளவும்? கொஞ்சம் மிளகு ரசம், ஒரு பருப்புத் துவையல், சுட்ட அப்பளம் ரெண்டு, அது போதும்” என்பார். கேட்டவர்கள் உருகிப் போவார்கள். அவருடைய மருமகள் மட்டும் உருக மாட்டாள். மிளகை இடிக்க வேண்டும். பருப்பை வறுத்து அம்மியில் வைத்து அரைக்க வேண்டும். மாமனார் இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு தணலில் அப்பளத்தைச் சுட்டு எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்குச் சாம்பாரும் கூட்டும் தனியே கொதித்துக்கொண்டிருக்கும். அவருடைய எளிமை அந்த வீட்டில் இன்னொரு சமையல். புகழ் அவருக்கு வந்தது. புகை அவளுக்குப் போயிற்று.

இப்படி இல்லாமல் உண்மையிலேயே எளிதான உணவு உண்டா என்று கேட்கலாம். உண்டு. செங்கற்பட்டிலிருந்து தெற்கே போகும் பெருஞ்சாலையின் ஓரத்தில், புளியமரத்து நிழலில் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் குவித்து வைத்திருப்பார்கள். அவற்றுக்கு அடுப்பு வேண்டாம். ஆனாலும் அந்த நுங்கை வெட்டி இறக்க ஒருவன் பனையின் உச்சிக்குப் போயிருக்கிறான். பதநீருக்கோ அவன் தினமும் காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். தவறினால் புளித்துக் கள்ளாகிவிடும். நாம் சாலையோரத்தில் நின்று ஒரு மடக்கில் குடித்துவிட்டுப் போகிறோம்.

மனிதர்கள் கண்டுபிடித்த கோடை உணவுகளில் பழைய சோற்றுக்கு இணையில்லை என்பது என் எண்ணம். இரவு மிஞ்சிய சோறு ஆறியபின், மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்கப்புறம் வேலை செய்வது இரவுதான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சோற்றைப் புளிக்க வைக்கின்றன. பாலைத் தயிராக்குகிற கூட்டத்துக்கு அவை நெருங்கிய சொந்தம். காலையில் உப்பும் மோரும் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்டால் பகல் முழுவதும் வயிறு குளிர்ந்திருக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் அண்மைக் காலத்தில் குடல் நோய்க்கு இது உதவுமா என்று ஆராயப் புகுந்தார்கள். நம் பாட்டிமார் ஆராயாமலே உண்டார்கள்.

கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசி வெந்துகொண்டிருக்கும்போது அதில் ஊற்றித் துடுப்பால் கிண்டி இறக்கிவிட்டால், மறுநாள் அடுப்பின் பக்கமே போகவேண்டாம். உருண்டையை மோரில் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான். ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் ஊற்றுகிறார்களே, அதே கூழ்.

ஆனால் வெறும் கூழை யார் குடிக்கிறார்கள்? தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் வேண்டும். மிளகாயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறப்போட்டு, பகலில் பாயில் காயவைத்து, மாலையில் மறுபடி அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் மிளகாய்க்குள் போய்ச் சேரும் வரையில் நாள்தோறும் இதைச் செய்தாக வேண்டும். வடாம் போட வேண்டுமானால் விடிவதற்கு முன்பே எழுந்து கூழைக் கிளறி, சூடு ஆறுவதற்குள் நாழியில் பிழிந்துவிட வேண்டும். கடற்கரைக் குப்பங்களில் மீனை உப்பிட்டு மணலில் உலர்த்திக் கருவாடாக்குகிற பெண்கள் எந்த வெயிலில் குனிந்து நிற்கிறார்கள்? நாம் வீட்டை விட்டு வெளியே வரப் பயப்படும் அதே வெயிலில்தான். அதுவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடை இருக்கும் காலத்தில், எத்தனையோ வீடுகளில் குழம்புக்குக் கைகொடுப்பது அந்தக் கருவாடு. எளிய உணவின் உழைப்பு வேறொரு நாளில், வேறொருத்தி கையால், முன்கூட்டியே செய்யப்பட்டுவிடுகிறது. அதனால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை.

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கிருஷ்ண மண்டபத்தில் கொஞ்சம் நிதானித்து நிற்க வேண்டும். கண்ணன் கோவர்த்தன மலையை ஏந்தி நிற்கும் பல்லவர் காலத்துச் சிற்பம் அது. எல்லோரும் கண்ணனைப் பார்க்கிறார்கள். அவனுக்குப் பக்கத்தில் ஒருவன் பால் கறந்துகொண்டிருக்கிறான்; பசு தன் கன்றை நக்குகிறது. இன்னொரு பக்கம் ஓர் ஆயர்குலப் பெண் தலையில் பானைகளை அடுக்கிச் சுமந்துகொண்டு நிற்கிறாள். மழைக்கு அஞ்சி ஊரே மலைக்குக் கீழே ஒண்டிய வேளையிலும் பாலும் மோரும் யாரோ சுமந்தாக வேண்டியிருக்கிறது என்பதைச் சிற்பி மறக்கவில்லை. மலையைத் தூக்கியவனைக் கொண்டாடிய அதே உளி பானையைத் தூக்கியவளையும் செதுக்கியிருக்கிறது.

இனி, இதைவிடக் கசப்பான ஒரு செய்திக்கு வருகிறேன். பழைய சோறு எப்போதுமே எல்லாருக்கும் உரிய உணவாக இருந்ததில்லை. நஞ்சைக் கிராமங்களில் விடியற்காலையில் ஏர் பிடித்தவனுக்குப் பழையது. நடு மத்தியானம் குடை பிடித்துக்கொண்டு வந்து வரப்பில் நின்று பார்த்தவனுக்குச் சுடுசோறு. வீட்டுக்குள்ளே வந்தால், ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் சுடச்சுட. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் உண்டவள் சமைத்தவள். இன்று பட்டணத்து உணவகங்களில் அதே பழையதை அழகான மண்சட்டியில், மோர் மிளகாயும் சுண்ட வைத்த குழம்புமாக, நல்ல விலைக்கு விற்கிறார்கள். வரிசையில் காத்திருந்து உண்கிறோம். நேற்று அவமானமாக இருந்தது இன்று நாகரிகமாகிவிட்டது. சோறு மாறவில்லை; உண்பவர்தான் மாறியிருக்கிறார்.

அப்படியானால் எளிமையின் சிறப்பு உணவில் இல்லை, அதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையில்தான் இருக்கிறது என்று தத்துவம் படித்தவர்கள் சொல்வார்கள். விரும்பி ஏற்றால் விரதம். விதியென்று வந்தால் பட்டினி. இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதிதான் என்னை உறுத்துகிறது. எங்கள் பெரியவரும் விரும்பித்தானே எளிமையை ஏற்றுக்கொண்டார்? தேர்ந்துகொண்டது அவர், அதற்கான விலையைக் கொடுத்தது அவர் மருமகள். ஆகவே விருப்பம் மட்டும் போதாது. அந்த விருப்பத்தின் பாரத்தைச் சுமப்பவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வைகாசி மத்தியானம் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். முன்னறிவிப்பு இல்லை. மணி ஒன்றரை இருக்கும். நண்பரின் தாயார் என்னைக் கண்டதும் எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் போனார்.

“உட்காருங்க தம்பி. அரை மணியிலே சோறு ஆக்கிடறேன்.”

“இந்த வெயில்லே அடுப்பு மூட்டாதீங்கம்மா. இருக்கிறதைக் குடுங்க, போதும்.”

“காலையிலே கரைச்ச கூழுதான் இருக்கு. வூட்டுக்கு வந்தவங்களுக்கு அதையா ஊத்துவாங்க?”

நானும் நண்பரும் வற்புறுத்தியபின் அரை மனத்தோடு சம்மதித்தார். கூழ்ச்சட்டியையும் ஒரு தட்டில் மாங்காய்த் துண்டுகளையும் வெங்காயத்தையும் கொண்டுவந்து வைத்தார். பிறகு எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். “எதிர் வூட்டுலே பாத்தா என்ன பேசுவாங்க?” என்றார். எங்கள் இருவருக்கும் ஊற்றிக் கொடுத்தார். சட்டியில் மிச்சம் இருந்தது. செய்வதற்கு வேறு வேலையும் இல்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, தமக்கும் ஒரு சொம்பில் ஊற்றிக்கொண்டு எங்களோடேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “அம்மா நம்மகூட உக்காந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை” என்று நண்பர் பின்னால் பேருந்து நிறுத்தத்தில் சொன்னார்.

சிறுபாணாற்றுப்படை படித்தவர்களுக்கு அந்தச் சாத்திய கதவு நினைவில் இருக்கும். நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்தச் சங்க நூலின் தலைவன் நல்லியக்கோடன். அவனுடைய ஓய்மா நாடு செங்கற்பட்டுக்குத் தெற்கே திண்டிவனத்தைச் சுற்றியிருந்த நாடு. அதிலே வறிய பாணன் ஒருவனின் வீடு வருகிறது. பசியால் மெலிந்த பெண்ணொருத்தி குப்பைமேட்டில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் வேக வைக்கிறாள். அறியாதவர்கள் கண்டு எள்ளி நகைப்பார்களே என்று வெட்கப்பட்டுக் கதவை அடைக்கிறாள். பிறகு பெரிய சுற்றத்தோடு எல்லாருமாக ஒன்றாய் உண்கிறார்கள்.

இந்த இடத்தைப் படிக்கும் எல்லாரும் வறுமையைப் பார்த்து இரங்குகிறோம். இரங்க வேண்டியதுதான். ஆனால் கடைசிச் செய்தியைக் கவனியுங்கள். எல்லாரும் ஒன்றாக உண்கிறார்கள். ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு வேறொன்று என்ற பேதம் அந்தக் கதவுக்கு உள்ளே இல்லை. வெட்கம் வெளியிலிருந்து வருகிறது; உள்ளே இருப்பது பங்கீடு. எத்தனையோ நூற்றாண்டுகள் கழித்துத் திருக்கழுக்குன்றத்துப் பக்கத்திலும் ஒரு தாய் அதே கதவைச் சாத்தினார். அதே போல் எல்லாருடனும் உட்கார்ந்து உண்டார். அந்தப் பாணனின் வீட்டில் உப்பு இல்லை. இந்த வீட்டில் உப்பு இருந்தது. கதவுக்கு மட்டும் இன்னும் விடுதலை வரவில்லை.

ஒரு மறுப்பு வரும். “சமைத்துப் போடுவதில் ஒரு பெண்ணுக்கு ஆனந்தம் இல்லையா? விருந்தினருக்காக வேர்த்து வடிவதும் அன்புதானே? அதையும் பறிக்க வேண்டுமா?” என்று கேட்பார்கள். ஆனந்தம் உண்டு. மறுக்க மாட்டேன். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஒரு தனி அதிகாரமே வைத்திருக்கிறார். ஆனால் எந்த ஆனந்தத்தையும் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இன்றைக்கு முடியவில்லை என்று சொல்லும் சுதந்திரம் அவளுக்கு இருக்கிறதா? சொன்னால் அந்த வீட்டில் யாருடைய முகமும் சுருங்காமல் இருக்குமா? அப்படி இருந்தால், அவள் மறுநாள் மனமுவந்து பத்துப் பதார்த்தம் செய்தாலும் அது அன்பு. இல்லையென்றால் ஒரு தம்ளர் மோர்கூட ஊழியம்தான்.

கோடைக்கு ஏற்ற எளிய சமையல் எது என்று என்னைக் கேட்டால், பதார்த்தத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். மூன்று கேள்விகளைச் சொல்வேன். உச்சி வெயிலில் அதற்காக யாராவது அடுப்பின் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறதா? எல்லாருக்கும் ஒரே சட்டியிலிருந்துதானா? சமைத்தவளும் உட்கார்ந்து உண்கிறாளா? இந்த மூன்றுக்கும் சரியான விடை கிடைத்தால் கூழும் எளிய உணவு. நெய்ச் சோறும் எளிய உணவு. கிடைக்காவிட்டால் நீர்மோரும் ஆடம்பரம்தான்; அந்த ஆடம்பரத்தின் செலவு நம் கணக்கில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷக் கத்திரியில் ஒரு நாளாவது காலை எட்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுங்கள். சோறு ஆறட்டும். மோரைத் தாராளமாகக் கடைந்து பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு மண்பானையில் ஊற்றி வையுங்கள். மாங்காயையும் வெள்ளரியையும் வீட்டு ஆண்கள் நறுக்கட்டும். அதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. மத்தியானம் எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருங்கள். அந்த நேரத்தில் யாராவது விருந்தாளி வந்தால் அவருக்கும் ஒரு தட்டு வையுங்கள். தெருக்கதவு திறந்தே இருக்கட்டும்.