பழுதும் பொறுப்பும்

நீலகிரிக்கும் மின்சாரத்திற்கும் உள்ள தொடர்பு பழமையானது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டிலேயே இயங்கத் தொடங்கிற்று. ஆயினும் பருவக்காற்றில் மரம் முறிந்து மின்கம்பியின்மேல் வீழ்வதையும், இடிமழையின்போது மின்னழுத்தம் திடீரென உயர்வதையும் உதகை, குன்னூர் மக்கள் நன்கறிவர். அவ்வாறு உயர்ந்த அழுத்தத்தால் குடியிருப்பவரின் தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் கருகிவிட்டால், அவ்விழப்பை ஏற்க வேண்டியவர் யார்? நம்மவருள் வீட்டை வாடகைக்கு விட்டோரும் உளர். பணியின் பொருட்டு வாடகை வீட்டில் வாழ்வோரும் உளர். ஆகவே இவ்வினா இருசாராரின் நேர்மையையும் சோதிப்பதாகும்.

“இடிக்கு நான் என்ன செய்வேன்?” என்பார் வீட்டுக்காரர். “வீடு உங்களுடையதுதானே?” என்பார் குடியிருப்பவர். முதலில் காரணத்தை ஆராய்வோம். வீட்டிற்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். மும்முனை இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ, அதன் இணைப்புத் தளர்ந்தாலோ, ஒரு பகுதியில் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கவும் கூடும். இக்குறை பலசமயம் முன்னரே அடையாளம் காட்டும்: ஓர் அறையில் விளக்கு மங்கும், மற்றோர் அறையில் அளவு மீறி ஒளிரும்.

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிடில், வீட்டின் மின்கம்பி அமைப்பைப் பராமரிக்கும் பொறுப்பை உரிமையாளரிடமும், சுவிட்சு, சாக்கெட் பழுதுகளைக் குடியிருப்பவரிடமும் வைக்கிறது. குறை தெருக்கம்பியில் எனில் மின் பகிர்மானக் கழகத்திடம் முறையிட்டு, பயனில்லையேல் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். மத்தியப் பிரதேசத்தில் சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியால் ஒருவர் இறந்த வழக்கில், அயலார் மின்சாரம் திருடியதே காரணம் என்ற மின்வாரியத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2002-இல் ஏற்கவில்லை. அபாயமான பொருளைக் கையாள்பவருக்கு அதற்கேற்ற பொறுப்பும் உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

சட்டம் இத்துடன் நிற்கும். அறம் மேலும் வினவும். தத்வார்த்த சூத்திரம் இம்சையை விளக்குமிடத்துப் பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, அதன் வேராகக் காட்டுகிறது. பொருளிழப்பு உயிர்க்கொலை அன்று. எனினும் அவ்வளவுகோல் இங்கும் பொருந்தும் எனக் கருதுகிறோம். எது நிகழ்ந்தது என்பதோடு, எதை அறிந்தும் விட்டுவிட்டோம் என்பதையும் கேட்டல் வேண்டும். விளக்கு மங்குகிறது என்று குடியிருப்பவர் சொல்லியும், “அடுத்த மாதம் பார்க்கலாம்” எனத் தள்ளிப்போட்டவர் இடியின்மேல் பழியைச் சுமத்தலாகாது. சாட்சி இல்லாவிடினும் அவ்விழப்பை அவர் ஏற்பதே அறம். அவ்வாறே, இடி முழங்குவதைக் கேட்டும் பிளக்கைக் கழற்றாதவர் முழு இழப்பையும் பிறர்மேல் ஏற்றுவதும், பழைய பெட்டிக்குப் புதியதன் விலையைக் கேட்பதும் நேர்மையன்று.

வீட்டை விட்டு எழுப்பிவிடுவாரோ என்றஞ்சிக் குறையைச் சொல்லாதவரும் உண்டு. அவருடைய மௌனத்தை உரிமையாளர் தமக்கு ஆதாயமாக்கலாகாது. மின்பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை யாரிடம் உள்ளதோ, அவரே கேட்டறிதலும் வேண்டும்.

இருவரிடத்தும் பிழையில்லையெனில், இழப்பு பொருளுடையாரையே சாரும். அப்பொழுதும் முறையீட்டிற்கு உடன் செல்வதும், அம்மாத வாடகைக்குத் தவணை தருவதும் வீட்டுக்காரரின் பண்பாகும்.

ஆண்டுதோறும் மழைக்கு முன்னர், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து நியூட்ரல், எர்த் இணைப்புகளைச் சோதித்து, அவர் சொன்னதை இருவரும் எழுதி வைத்துக்கொள்வார்களாக. அச்செலவு சிறிது, அதனால் தவிர்க்கப்படும் மனக்கசப்போ பெரிது.