தத்தனாரும் பழிவாங்காமையும்

ஒருவன் செய்த தீங்கிற்கு மாறாகத் தீங்கு செய்தல் நீதியேயாம் என்பது உலகத்தார் பலர்க்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம். அடித்தவனை அடித்தாற் கணக்குத் தீர்ந்தது என அவர் கருதுவர். அக்கணக்கோ ஒருநாளும் தீர்வதில்லை. அடிபட்டவன் திருப்பி அடித்த அவ்வடியே மற்றவனுக்கு முதலடியாகத் தோன்றும். அவன் மக்கள் அதனை நெஞ்சிற்கொண்டு வளர்வர். தந்தையர் பகை மைந்தர்க்குத் தாயமாகும். இங்ஙனம் முடிவின்றிச் செல்லும் பகைத்தொடர் எவ்விடத்து அறும், அதனை அறுத்தற்குரியார் யாவர் என்னும் வினாக்களுக்கு மெய்ப்பொருள் நாயனார் வரலாறு தெளிவானதொரு விடை தருகின்றது.

திருக்கோவலூரிலிருந்து சேதிநாட்டை ஆண்ட நாயனார் போரறியாதவர் அல்லர். மேல்வந்த பகைவரைப் பலகால் வென்றவர். அங்ஙனம் தோற்றவருள் ஒருவன் முத்தநாதன். யானையும் குதிரையும் காலாளும் இழந்து நாணிப்போன அவனுக்குத் தோல்விகள் அடங்குதற்கு ஏதுவாகாமல், வஞ்சினத்தை வளர்த்தற்கே ஏதுவாயின. போரில் வரும் வெற்றி பகைவனைப் புறங்காட்டச் செய்யுமேயன்றி, அவன் நெஞ்சிலுள்ள பகையைக் களையாது என்பதைச் சேக்கிழார் சுவாமிகள் இவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே காட்டிவிடுகின்றார். நேர்நின்று வெல்லமாட்டாத முத்தநாதன் திருநீறு பூசிச் சடைமுடி தாங்கி, புத்தகக் கட்டினுள் படைக்கலத்தை மறைத்து, இரவில் அரண்மனை புகுந்தான். கடைகாவலர் பலரும் அடியார் எனக் கருதி வழிவிட்டனர். கடைவாயிலில் நின்ற தத்தனார் ஒருவரே, அரசர் துயிலும் நேரம் இஃதென்று கூறித் தடுத்தார். அவன் அத்தடையையும் கடந்து சென்று, ஆகமப்பொருள் உணர்த்துவான்போல அரசரைத் தனித்திருக்கச் செய்து, தான் கருதிவந்ததை முடித்தான்.

அப்பொழுதே தத்தனார் வாளொடு உள்ளே பாய்ந்தார். குருதி சோர வீழும் நாயனாரோ தம் கையால் அவரைத் தடுத்து, வந்தவர் நம்மவர் என்று கூறி, இடையூறு நேராவண்ணம் அவரைக் கொண்டுபோய் விடுமாறு பணித்தார். செய்தி ஊரெங்கும் பரவிற்று. கொன்றவனைக் கொல்வோம் என்று குடிகள் சினந்து சூழ்ந்தனர். தத்தனார் அரசர் ஆணையை எடுத்துரைத்து அவர்களை விலக்கி, நகரைக் கடந்து, மக்கள் வழங்காத இடத்தே முத்தநாதனை விட்டு மீண்டார். அதனைக் கேட்குமளவும் உயிர்தாங்கியிருந்த நாயனார் கேட்டு மகிழ்ந்து, திருநீற்றன்பைப் போற்றுமாறு அரசுரிமையாளர்க்கு உரைத்து, இறைவன் திருவடியை எய்தினார்.

இதனைப் படிப்போர் பெரும்பாலும் நாயனாரது பொறையையும் திருவேடத்தின்பால் அவர் வைத்த அன்பையும் வியந்து அமைவர். அது தக்கதே. எனினும் பகையின் தொடர் அறுந்த இடம் யாதென ஆராய்வார்க்குத் தத்தனார் நிலை தனித்து விளங்கும். இறப்பவர் பொறுத்தல் அரிது. அவரை உயிரினும் மேலாகப் போற்றியவர், கையில் வாளிருக்க, கொன்றவன் கண்ணெதிரே நிற்கப் பொறுத்தல் அதனினும் அரிது. தத்தனார் வாள் வீழ்ந்திருக்குமாயின் அரசரது பொறை சொல்லளவிலேயே நின்றிருக்கும். ஒரு கொலைக்கு மற்றொரு கொலை ஈடாகியிருக்கும். அவ்விரண்டாங் கொலைக்கு ஈடுகேட்க வேறொருவர் எழுந்திருப்பர். கொல்ல எழுந்த கையே காக்குங் கையாய் மாறியவிடத்துத்தான் பகை முடிந்தது. ஆகவே பழியின் தொடரை அறுத்தற்கு இருவர் வேண்டும்: பொறுக்கும் ஒருவரும், அப்பொறையைத் தம் செயலால் நிறைவேற்றும் மற்றொருவரும் என்க.

இதற்குச் சித்தாந்த சாத்திரம் கூறும் காரணம் தெளிவானது. ஓருயிர்க்கு வரும் இன்ப துன்பங்கள் அதன் முன்வினைக்கேற்ப இறைவனாற் கூட்டப்படுவன. நுகர்ச்சியாய் வருவது பிராரத்தம். அதனை நுகருங்கால் விருப்பு வெறுப்புக்களால் உயிர் ஈட்டிக்கொள்ளும் புதுவினை ஆகாமியம். அவ்வாகாமியம் சஞ்சிதமாய்க் கிடந்து மீளவும் பிராரத்தமாய் வரும். எனவே தீங்குண்டவன் சினத்தாற் செய்யும் பழிவாங்கல், நுகர்ந்து கழியவேண்டிய ஒரு பயனை வித்தாக்கி மீள விதைப்பதாகும். உலகம் பகைத்தொடர் என்பதும் சாத்திரம் வினைத்தொடர் என்பதும் ஈண்டு ஒரு தன்மையவாய் நிற்றல் காண்க. நுகர்வில் வெறுப்புக் கொள்ளாது நின்று பழகுதல் இருவினையொப்பிற்கு வழியாகும். இனி, இறைவன் ஒறுத்தல் மறக்கருணை எனப்படும். அஃது ஒறுக்கப்படும் உயிரின் நலத்தையே நோக்குவது. வினை முழுதும் அறியாத உயிர் சினமேலிட்டு அத்தொழிலைத் தான் மேற்கொள்ளுதல், நோயும் மருந்தின் அளவும் அறியாதவன் பிறனுக்கு மருந்தூட்டுதல் போலும்.

அங்ஙனமாயின் தீங்கு செய்தவன் குற்றமற்றவனாவனோ எனின், ஆகான். ஒருவர்க்குப் பிராரத்தமாய் வந்ததே அதனைச் செய்தவனுக்கு ஆகாமியமாய் ஏறுதலின், அவன் அதற்குத் தப்புமாறில்லை. மேலும், துன்புற்றாரை நோக்கி, ‘இது நும் வினைப்பயன், பொறுமின்’ எனப் பிறர் கூறித் தாம் வாளாவிருத்தற்கு இக்கொள்கை வகுக்கப்பட்டதன்று. சேதிநாட்டிற் பொறுத்தவர் புண்பட்டவரே. தத்தனார் தாமாக முன்வந்து அவர்பொருட்டு மன்னித்தாரல்லர். அவர் சொல்லுக்கு அடங்கினார். பிறர் பட்ட புண்ணைத் தான் பொறுத்துவிட்டதாகக் கூறுவது பொறையன்று, ஈரமின்மையேயாம்.

பழிவாங்காமை காவாமையும் அன்று. நாட்டின்மேல் வந்த படையை நாயனார் எதிர்த்து நின்றார். காலமறியாது வந்தவனைத் தத்தனார் வாயிலிற் தடுத்தார். வரும் தீங்கைத் தடுத்தல் வேறு; வந்துபோன தீங்கிற்கு ஈடாக மற்றொரு தீங்கை ஆக்குதல் வேறு. முன்னதைக் கடமையென்று கொண்ட அவரே பின்னதைக் கைவிட்டார்.

எறிபத்த நாயனார் மழுவேந்தியதை எடுத்துக்காட்டி, சைவம் வன்செயலைப் போற்றுகின்றதே எனத் தடைநிகழ்த்துவார் அவ்வரலாற்றின் முடிவையும் நோக்கல் வேண்டும். சிவகாமியாண்டார் கொண்டுவந்த திருப்பள்ளித்தாம மலர்களைச் சிதறிய பட்டத்து யானையையும் பாகர் முதலிய ஐவரையும் எறிபத்தர் வெட்டி வீழ்த்தினார். படையொடு சினந்துவந்த புகழ்ச்சோழர், பிழை தம்முடையதென்று உணர்ந்து, இவ்வொறுப்புப் போதாது, என்னையும் கொல்லுக என்று தம் வாளையே நீட்டினார். அதுகண்ட எறிபத்தர், இத்தகைய அன்பர்க்குத் தீங்கு நினைந்தேனே என நடுங்கி, அவ்வாளைத் தம் கழுத்தில் வைத்தார். மழுவால் அடங்காத சினம், பழிகொள்ள வந்தவர் பழியைத் தாம் ஏற்றவுடன் அடங்கிற்று. கருவூர்த் தெருவில் அன்று மற்றோருயிர் மாயவில்லை. இறைவன் திருவருளால் மாய்ந்தவரும் எழுந்தனர்.

இவை நாயன்மார்க்கன்றிப் பிறர்க்கு இயலா என்பாரும் உளர். அவர் பிற்காலத்து நிகழ்ச்சியொன்றை நோக்குக. இந்தியாவின் வடமேற்கு எல்லையில் வாழ்ந்த பட்டாணியருட் பழிவாங்குதல் மானத்தின் கடமையாகவே கொள்ளப்பட்டு வந்தது. குடிகளிடையே குருதிப்பகை தலைமுறைதோறும் தொடர்ந்தது. அம்மக்களிடையே தோன்றிய கான் அப்துல் கபார்கான் 1929-ஆம் ஆண்டில் ‘குதாய் கித்மத்கார்’ என்னும் கூட்டத்தை நிறுவினார். ‘இறைவன் பணியாளர்’ என்பது அப்பெயரின் பொருள். அதிற் சேர்ந்தோர் வன்செயலும் பழிவாங்கலும் செய்வதில்லை என்று உறுதிமொழி கூறினர். 1930 ஏப்ரல் 23-ஆம் நாள், அவர் சிறைப்பட்டது பற்றிப் பெஷாவர் நகரத்துக் கிஸ்ஸாக்கானிக் கடைவீதியில் திரண்ட மக்கள்மீது ஆங்கில அரசின் படை சுட்டது, பலர் மாண்டனர். அங்ஙனமிருந்தும் அக்கூட்டத்தார் தம் உறுதிமொழியைக் கைவிட்டிலர். அந்நாளில், சந்திரசிங் என்பவரோடு நின்ற கார்வால் படைவீரர், படைக்கலமில்லாத மக்களைச் சுடமாட்டோம் என மறுத்துத் தண்டனையை ஏற்றனர். அவர்தம் சமயமும் நாடும் காலமும் வேறு. எனினும் பொறுத்து நின்றாரும், கையிற் படைக்கலமிருந்தும் அதனைத் தாழ்த்தினாருமாகிய இருதிறத்தாரும் ஆங்கும் காணப்படுதல் கருதற்பாலது.

வாள் ஏந்தும் நிலை அரசவையில் மட்டும் நேர்வதன்று. நிலத்தெல்லை பற்றிப் பேச்சொழிந்த உடன்பிறந்தார் இல்லங்களிலும், திருவிழா முதன்மை பற்றிப் பிரிந்த ஊர்களிலும், புண்பட்ட முதியவர் பொறுக்கத் துணிந்த பின்னரும், அவர்பால் அன்புடைய இளைஞர் பொறுக்க ஒருப்படாமையாற் பகை நீள்கின்றது. அன்பின் பெயராலேயே அவர் அதனை வளர்க்கின்றனர். தத்தனாரது அன்பு அவர் அன்பிற் குறைந்ததன்று. தாம் போற்றியவர் விரும்பியது யாது என அறிந்து அதன்வழி நின்றமையே வேறுபாடு. கார்த்திகை உத்திரத்தில் மெய்ப்பொருள் நாயனார் குருபூசை செய்யும் அன்பர், வாளொடு வந்து வாளைத் தாழ்த்திய அவ்வாயிற்காவலரையும் உடன் நினைந்து வணங்குதல், அந்நாயனார் திருவுள்ளத்திற்கு உவப்பாதல் ஒருதலை.