அவை கலைந்த பிறகு

முனைவர் பட்டத்திற்கான வாய்மொழித் தேர்வு முடிந்து, தேர்வாளர்கள் தனித்துக் கலந்து பேசியபின், "திருத்தங்களுடன் தேர்ச்சி" என்று அவைத் தலைவர் அறிவிக்கும்பொழுது, ஆய்வாளரின் செவியில் விழுவது பெரும்பாலும் இரண்டாம் சொல் மட்டுமே. 1969இல் தொடங்கப்பெற்றுப் பினாங்கின் மிண்டன் வளாகத்தில் இயங்கிவரும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் சரி, பிற பல்கலைக்கழகங்களிலும் சரி, இக்காட்சி பழகிப்போன ஒன்று. ஜார்ஜ் டவுனிலுள்ள வீட்டிற்குச் செய்தி பறக்கிறது. உறவினர் அன்றே 'டாக்டர்' என்று அழைக்கத் தொடங்கிவிடுகின்றனர். கையிலிருக்கும் திருத்தப் பட்டியலோ இன்னும் பிரித்துப் பார்க்கப்படவில்லை. வினாத் தொடுத்த அவை கலைந்துவிட்டது. பட்டமும் ஏறத்தாழக் கைக்கு வந்துவிட்டது. ஆய்வேடு அட்டை கட்டப்பெற்று நூலகம் சேரும்வரையுள்ள இந்த இடைக்காலத்தில்தான் ஆய்வாளரின் நேர்மை உண்மையாகச் சோதிக்கப்பெறுகிறது.

எழுத்துப்பிழை, விடுபட்ட அடிக்குறிப்பு, தவறிய ஆண்டு ஆகியவற்றைத் திருத்துவதில் சலிப்பு உண்டேயன்றிச் சிக்கல் இல்லை. நான்காம் இயலின் சான்றுகள் அதன் முடிவைத் தாங்கவில்லை என்று தேர்வாளர் குறித்திருந்தால் என் செய்வது? பலர் மேற்கொள்ளும் வழி எளிது. 'உறுதியாக' என்று இருந்த இடத்தில் 'ஓரளவு' என்று மாற்றிவிடுகின்றனர். முன்னுரையும் முடிவுரையும் பழைய உறுதியோடேயே நிற்கின்றன. நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக எண்ணிய மாறுகொளக் கூறல் என்பது இதுவன்றோ? திருத்தங்களைக் காட்டும் அட்டவணையில் மட்டும் தேர்வாளர் குறிப்பு, செய்த மாற்றம், பக்க எண் ஆகிய அனைத்தும் குறைவின்றி நிரம்பியிருக்கும்.

இதற்கு நேர்மாறான பிழையும் ஒன்றுண்டு. பணிவு என்று பலரும் பாராட்டுவதால் அது பிழையாகத் தோன்றுவதில்லை. தம் சான்றுகள் வேறு கூறினும், தேர்வாளர் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்றெழுதிவிடுவதே அது. தேர்வாளரும் மாந்தரே, விரைந்து படித்திருக்கலாம், தம் கொள்கைக்கு மாறானதைக் குறையெனக் கொண்டும் இருக்கலாம். பட்டம் தாழ்க்குமோ என்று அஞ்சித் தாம் நம்பாத முடிவைத் தம் பெயரால் எழுதுகிறவர் தேர்வாளரை மதித்தவர் ஆகார். அவரிடம் உண்மையை மறைத்தவரே ஆவார். (ஆசிரியர் சிவப்பு மையால் கோடிட்டதை ஏனென்று கேளாமல் பெயர்த்தெழுதும் மாணவனை நல்ல பிள்ளை என்று போற்றும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. அப்பிள்ளைதான் பின்னாளில் ஆய்வாளன் ஆகிறான்.)

நூலுக்குரிய மதங்கள் ஏழனை வகுத்த பவணந்தியார் உடன்படல், மறுத்தல் என்னும் இரண்டையும் அடுத்தடுத்தே வைத்தார். மறுப்பதற்கும் புலமையில் இடமுண்டு என்பது தமிழர்க்குப் புதிதன்று. கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றிய வரலாறு செவிவழியாக வழங்கிவருகிறது. 'திகடசக்கரம்' என்னும் முதற்சொல்லிலேயே தடை எழுந்தது. 'திகழ்', 'தசம்' என்னும் சொற்கள் அவ்வாறு புணர்வதற்கு விதி யாது என்று அவையோர் வினவினர். அன்று விடை கிடைக்கவில்லை, அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தில் அதற்கு விதியிருப்பதைக் காட்ட, அவை அமைந்தது. இதில் நடந்த தெய்வச் செயலை நம்புவோர் நம்புக. ஆய்வாளர் நோக்கவேண்டியது வேறு: அவைக்கு அஞ்சிச் சொல் மாற்றப்படவில்லை, விதி காட்டப்படாமல் அவை அதனை ஏற்கவும் இல்லை.

ஆயின் மறுக்கும் உரிமையைச் செருக்குக்குப் போர்வையாக்கிக் கொள்வாரும் உளர். அவர்கள் உ. வே. சாமிநாதையரை நினைத்துப் பார்த்தல் நன்று. அவர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். அப்பதிப்பு ஒன்றே அவர் பெயரை நிலைநிறுத்தப் போதுமானது. எனினும் மேலும் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி, 1907இல் திருந்திய இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். எந்தத் தேர்வாளரும் அவரிடம் பட்டியல் நீட்டவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்பு முனைவர் பட்டம் வழங்கியதோ 1932இல்தான்.

திருத்தாமல் விட்ட பிழையால் துன்புறுவோர் யார்? தேர்வாளர் அல்லர், அவர் தம் ஊருக்குத் திரும்பிவிட்டார். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் தோற்ற ஆண்டு ஆய்வேட்டில் பிழையாக நின்றுவிட்டது என்று கொள்வோம். பல்கலைக்கழக ஆய்வு என்னும் மதிப்பினால் அப்பள்ளியின் ஆண்டு மலர் அதனை எடுத்தாளும். நூற்றாண்டு விழாக் கல்வெட்டிலும் அது பொறிக்கப்பெறும். அதன்பின் திருத்துவது எளிதோ? மார்ட்டின் லூதர் கிங் 1955இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேட்டின் சில பகுதிகள் பிறர் எழுத்தை உரிய மேற்கோளின்றி எடுத்தாண்டவை என்று அப்பல்கலைக்கழகக் குழு 1991இல் கண்டறிந்தது. பட்டம் பறிக்கப்படவில்லை, நூலகப் படியோடு அதனைக் குறிக்கும் கடிதம் ஒன்றை இணைக்கவே முடிவாயிற்று. அவர் மறைந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. உலகம் போற்றும் அத்தலைவரின் பெருமை வேறு; அந்த ஏட்டின் குறை வேறு.

திருத்தங்களைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவோர்க்கும் இதில் பங்குண்டு. அட்டவணையை மட்டும் பார்த்து ஒப்பமிடாமல், பக்கங்களைப் புரட்டிப் படித்தல் அவர்தம் கடமை. ஆய்வாளரும் நெறியாளரோடு அமர்ந்து ஒவ்வொரு குறிப்பையும் எடைபோடலாம். ஏற்றதை ஏடு முழுமையும் ஏற்கலாம். ஏற்க இயலாததை அதற்குரிய காரணத்தோடு அட்டவணையிலேயே எழுதலாம். அதே பக்கத்தின் அடிக்குறிப்பில், இம்முடிவுக்கு இன்ன தடை எழுப்பப்பெற்றது, அதற்கு இன்ன சான்று உண்டு, இன்ன சான்று இன்னும் கிடைக்கவில்லை என்று நான்கு வரிகள் சேர்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.