கள்ளுண்ணாமையும் உயிரின் சார்பும்

திருச்சிற்றம்பலம்



தருமபுரிக்கும் கிருட்டிணகிரிக்கும் இடையே பெருவழியை அடுத்திருப்பது காரிமங்கலம். அவ்வூர் மலைமேற் கோயில்கொண்ட அருணேசுரப் பெருமானை வணங்கிக் கீழிறங்கி, அன்பர் கூட்டமொன்றில் ஐம்பெரும் பாதகங்களைப்பற்றி நாம் பேசினோம். கொலை, களவு, பொய், காமம் என்பவற்றோடு கள்ளும் ஒருங்கு வைத்தெண்ணப்படுதலையும், திருமூலநாயனார் தம் முதற்றந்திரத்திலேயே கள்ளுண்ணாமையைத் தனியே வகுத்தோதியதையும் எடுத்துக்காட்டினோம். பேச்சு முடிந்தபின் முதியவள் ஒருத்தி எம்மை அணுகி, "சாமி, என் மகன் பாவியா, நோயாளியா? பாவியானால் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகிறேன். நோயாளியானால் எங்கே கொண்டுபோவது என்று சொல்லுங்கள்" என்றாள். அவளுக்கு அன்று நிறைந்த விடை கூற நாம் வல்லேமாயினேமில்லை. அவ்விடையையே ஈண்டு எழுதுகின்றோம்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்பிற்று என்பது சித்தாந்தத்தின் அடிப்படைத் துணிபுகளுள் ஒன்று. அநாதியே ஆணவத்தைச் சார்ந்து ஒன்றும் அறியாது கிடந்த உயிர்க்கு, இறைவன் தன் கருணையால் மாயையினின்றும் உடல், கருவி, உலகு, நுகர்பொருள் என்பவற்றைக் கூட்டியருளினான். இவை இரவிலே வழிச்செல்வான் ஒருவனுக்குக் கைவிளக்குக் கொடுத்ததை ஒக்கும். பொழுது புலருமளவும் அவ்விளக்கை ஓம்புதல் அவன் கடன். கள்ளோ அவ்விளக்கையே அவிப்பது. அதனைப் பெரும்பாதகமென்று சான்றோர் விலக்கியது, திருவருள் கொடுத்த கருவியைக் கெடுத்தலான் என்க. உண்டானை வெறுத்தொதுக்குதற்கு அஃது ஆணையன்று.

இனி, ஆணவமலம் உயிரின் அறிவை மறைப்பதோடு, தான் அங்ஙனம் மறைத்து நிற்றலையும் உயிர்க்குத் தோன்றவொட்டாது. குடிப்பழக்கத்தின் தன்மையும் இதுவே. ஊரார் அனைவரும் கண்டபின்னும் குடிப்பவன் மட்டும், "யான் நினைத்த பொழுதே விட்டுவிடுவேன்" என்பான். அவன் பொய் சொல்கின்றானெனக் கோடல் பொருந்தாது. மறைப்பினகத்தே நின்று பேசுகின்றான்.

உடற்குறும் கேட்டைச் சிறிது நோக்குவாம். மது முதற்கண் கல்லீரலிற் கொழுப்பை ஏற்றும். பின்னர் வீக்கத்தை உண்டாக்கும். இறுதியில் அவ்வுறுப்பை இறுகிச் சுருங்கச் செய்யும். மஞ்சட்காமாலை, மகோதரம், குருதி கக்கல் என்பன இறுதிநிலைக் குறிகள். கொழுப்பேறிய அளவிலே குடியை நிறுத்துவானாயின் பெரும்பாலும் அவ்வுறுப்புத் தேறிவிடும். சுருங்கி இறுகிய பின்னர் முழுதும் மீளாது. உடல்நலத்திற்குத் தீங்கில்லாத அளவென ஒன்று மதுவிற்கு இல்லையென உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவுறக் கூறிற்று. கள்ளச்சாராயத்திற் கலக்கப்படும் மெத்தனாலோ உடலினுள்ளே நஞ்சாக மாறி முதலிற் கண்ணொளியையும் பின்னர் உயிரையும் கவரும். 2024 சூன் திங்களிற் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டோர் இங்ஙனம் மாண்டமை யாவரும் அறிந்தது. கஞ்சா, அபின், மருத்துவர் சொல்லாமல் வாங்கி விழுங்கும் மாத்திரைகள் முதலியன வேறுவேறு வழியிற் கெடுப்பினும், உயிரைத் தம்வயப்படுத்துதலில் ஓரினத்தனவே.

ஈண்டு அன்பர் யாவரும் அறியவேண்டுவது ஒன்றுண்டு. நெடுநாட் பெருங்குடி குடித்தவன் அதனைத் திடீரென நிறுத்தின், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். வலிப்பு வருதலும் உண்டு. இரண்டு மூன்று நாளில் இல்லாதன தோன்றிப் பிதற்றும் சன்னி கண்டு உயிர்க்கே இறுதி நேர்தலுங் கூடும். ஆகலின் அத்தகையோனைக் கோயில் வாயிலிற் சூடமணைத்துச் சத்தியம் வாங்கி வீட்டுக்குப் போக்கிவிடுதல் நன்மையன்று. அவன் மருத்துவர் பார்வையில் நிறுத்துதல் வேண்டும். வள்ளுவனாரும் கள்ளுண்ணாமைக்கு அண்மையிலேயே மருந்து என்னும் அதிகாரத்தை வைத்திருத்தல் கருதத்தக்கது.

குடும்பத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. குடியாத மனைவியும் மக்களும் குடிப்பவனையே சார்ந்து அவன் வண்ணமாகின்றனர். அவன் காலடியோசை கேட்டே அன்றைப்பொழுது எத்தன்மைத்தென அறியும் குழந்தைகள் உளர். கடன்காரனுக்குப் பொய் சொல்லவும், வேலைத்தலத்திற்கு "காய்ச்சல்" என்று சொல்லியனுப்பவும் மனைவி பழகுகின்றாள். அன்பினாற் செய்யும் அம்மறைப்பே நோய்க்கு உரமாகின்றது.

அற்றேல், கடையை மூடிவிடின் எல்லாந் தீருமன்றோ எனின், அதற்கு இம்மண்ணே சான்று பகரும். இராசாசி முதல்வராயிருந்த சென்னை மாகாண அரசு, மதுவிலக்கை 1937 அக்டோபர் 1-ஆம் நாள் முதன்முதற் சேலம் மாவட்டத்திலேதான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காரிமங்கலம் முதலாய தருமபுரிப் பகுதி அந்நாளில் அம்மாவட்டத்தினுள் அடங்கியிருந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி புகுந்தது. 1948-இல் விலக்கு மாகாண முழுதும் பரவிற்று. 1971-இல் அது தளர்த்தப்பட்டு, சில ஆண்டில் மீட்டும் வந்து, 1981-இல் மறுபடியும் நீங்கிற்று. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே மேற்கொண்டது. சட்டம் எளியோர் காலடியிலிருந்து குழியைத் தூர்க்கவல்லது. அதனை நாம் வேண்டாவென்னோம். ஆயினும் ஓராட்சி தூர்த்ததை மற்றோராட்சி தோண்டும். உயிரின் சார்பை மாற்றுதல் சட்டத்தின் தொழிலன்று.

சார்பு மாறுமாறு யாங்ஙனம்? திலகவதியம்மையார் வரலாற்றைச் சிந்தித்தல் தகும். சூலைநோயால் வருந்திய தம்பியார் ஆளனுப்பி அழைத்தபொழுது அம்மையார் அங்கே செல்ல இசைந்திலர். தம்பியார் தாமே திருவதிகைக்கு வந்து அடிவீழ்ந்தபொழுதோ, ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாது திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றனர். ஒரு சமயத்தைக் குடியோடு ஒப்பிடுதல் எம் கருத்தன்று; நோயுற்றானை ஆற்றிய அன்பின் முறையையே காட்டினோம். அவன் செல்லும் வழியிற் செல்லாமையும், அவன் திரும்பும் வழியை அடையாமையும் ஆகிய இரண்டுமே குடிப்பவன் வீட்டார்க்கு வேண்டுவன.

அடியார் கூட்டத்தின் பயனும் அத்தகையதே. 1935-இல் அமெரிக்க நாட்டு ஏக்ரான் நகரிற் குடியால் நைந்த இருவர், ஒருவர் பங்குத்தரகர், மற்றவர் மருத்துவர், ஒருவர்க்கொருவர் துணையாய் நின்று மீண்டனர். அவ்விருவர் கூட்டமே பின்னர் உலகெங்கும் பரவிற்று. குடியாற் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இற் சென்னையில் நிறுவிய மருத்துவ நிலையம், நோயாளிக்கு மட்டுமன்றி அவன் வீட்டார்க்கும் அறிவுரை வழங்குகின்றது. தன் துன்பமே பிறர்க்கு மருந்தாதல் திருவருட் செயலன்றோ?

மீண்டவன் ஒருநாள் மறுபடியும் வீழ்வனேல் அவனை இகழற்க. பெருங்காயத்தை நீக்கிய பாண்டத்தினும் மணம் நிற்கும். மலம் நீங்கிய மெய்யடியார்க்கும் வாசனை தாக்காமைப்பொருட்டு அடியாரொடு கூடுதலையும் ஆலயந்தொழுதலையும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்தது. அங்ஙனமிருப்ப, நேற்றுக் குடியை விட்டான் ஒருவனுக்குத் துணை வேண்டாவென்பது எங்ஙனம் பொருந்தும்?

அங்ஙனமாயின் குடிப்பவன் குற்றமிலனோ எனின், அற்றன்று. மனைவியை அடித்த கைக்கும் மகவின் உணவைப் பறித்த செயற்கும் அவனே பொறுப்பாளன். நோயென்றல் அப்பொறுப்பை நீக்காது. மருந்துண்டு மீளவேண்டிய பொறுப்பொன்றையும் உடன்சேர்க்கும்.

ஆதலின் அம்முதியவட்கு நாம் கூறும் விடை இது: அன்னாய், நின் மகன் செய்தது பாதகம், அவன் உற்றது நோய். முதலில் அவனைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. உடல் தேறியபின் மலைமேல் அருணேசுரப் பெருமான் திருமுன்பு கொண்டுவருக. அவன் கடனை நீ மறைத்தடையாதே. அவன் வருங் கதவையும் தாழிடாதே.

திருமடங்களையும் திருக்கோயில்களையும் உடையோர்க்கு ஒரு விண்ணப்பம். கிழமைக்கொருநாள் மாலைப்பொழுதில் ஒரு மண்டபத்தைத் திறந்துவைத்து, குடியை விட்டோரும் விட விழைவோரும் பேரும் குலமும் வினவப்படாது ஒருங்கிருக்க இடந்தருக. பாதகத்தை விரித்துரைத்தல் நமக்கு எளிது. அன்று நாமும் அதனையே செய்தோம். ஓர் அன்னை வினாவிய பின்னரே, மருந்துக்கு வழிகாட்டாத அவ்வுரை குறையுடைத்தென்பது எமக்குப் புலனாயிற்று. அக்குறையை நம் திருக்கூட்டத்தார் தீர்ப்பாராக.

திருச்சிற்றம்பலம்