மரநோயும் திருவருளும்

திருச்சிற்றம்பலம்

தேனி மாவட்டத்து உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே தேவாரம் என்னும் ஊர் ஒன்று உளது. மூவர் முதலிகள் அருளிய திருப்பதிகங்களின் பெயரும் அவ்வூரின் பெயரும் ஒன்றே. அவ்வூரினின்றும், போடிநாயக்கனூர் முதலிய அயலூர்களினின்றும் வைகறையிற் புறப்படும் தொழிலாளர் மலையேறி, ஏலத்தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் உழைத்து மாலையில் இறங்குவர். ஏலம் மரநிழலின்றி வாழாது. காப்பியும் நிழலையே விரும்புவது. ஆகலின் அம்மலைச் சரிவினரது சோறு மரங்களின் நலத்தைப் பற்றி நிற்கின்றது. மரத்துக்கு நோய் வந்தவிடத்துச் செய்யத்தக்கது யாது என்னும் வினா அவர்க்கு வயிற்றைப் பற்றியது. சைவர்க்கோ அஃது உயிரைப் பற்றியதும் ஆம்.

குரங்கணி, கொட்டகுடி முதலிய மலைப்பாங்கரில் பயிராகும் காப்பிக்கு ஒரு பெரும்பகை உண்டு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என வழங்கும் அது நீண்ட கொம்புடைய வண்டினத்தது. அராபிகா வகையையே பெரிதும் பற்றுவது. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டுகள் வெளிப்பட்டுப் பறந்து, பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். முட்டையினின்றும் தோன்றிய புழு முதலிற் பட்டையின் கீழும், பின்னர் உள்மரத்தினும் குடைந்து செல்லும். இலை மஞ்சளித்து வாடும். இளஞ்செடி பட்டுப்போதலும் உண்டு. இவ்வண்டு வெயில்படும் தண்டையே நாடி முட்டையிடும் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. நிழல்மரங்களை மிகுதியாக வெட்டிய தோட்டம் இதற்குத் திறந்த வாயில் ஆகின்றது.

கடல்கடந்த நாட்டிலும் இத்தகைய அழிவு நேர்ந்துளது. கனடா நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், 1990-களின் பிற்பகுதி தொடங்கி, பட்டை வண்டுகள் ஏறத்தாழ 180 லட்சம் ஹெக்டேர்ப் பரப்பிலுள்ள பைன் காடுகளைத் தாக்கின. பைன் மரம் தன் பிசினைப் பெருக்கி வண்டை வெளித்தள்ள வல்லது. மழையின்றி மெலிந்தவழி அவ்வன்மை குன்றும். முன்னர்க் கடுங்குளிரில் மடிந்த புழுக்கள் குளிர்காலம் தணிந்தமையின் மடியாது பெருகின. இரண்டிடத்தும் வெம்மை மிகுதலே வண்டுக்கு வழிவிட்டது.

இத்தகைய மரங்களை மருந்தின்றியே காக்கலாம் என்போர் இக்காலத்துளர். மரத்தின்மேற் கைவைத்தோ, தொலைவிலிருந்து நினைந்தோ, ‘ஆற்றல்’ ஒன்றைச் செலுத்தினால் அதன் உயிர்நிலை சீர்ப்பட்டு வண்டு அகலும் என்பர். சப்பானில் 1922-இல் மிக்காவோ உசுயி என்பார் தொடங்கிய ரெய்கி என்னும் கைவைத்தியம் முதலியவற்றை மக்கட்கேயன்றி மரங்கட்கும் உரியவாக்கினர் சிலர். நம் நாட்டினும் தோட்டத்தில் அக்கினிகோத்திரம் வளர்த்து, அதன் சாம்பலைப் பயிர்க்கு இடுவார் உளர். இவற்றைச் சைவர் கொள்ளத்தகுமோ, தள்ளத்தகுமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மரத்துக்கு உயிர் உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. தொல்காப்பியர் புல்லும் மரமும் ஓரறிவின என்று வகுத்தார். நால்வகைத் தோற்றத்துள் மரம் உற்பிச்சம் எனப்படும். வினைக்கீடாக அவ்வுடம்பிற் புகுந்த உயிரும், மக்களுடம்பிற் புகுந்த உயிரும், பசுவென்னும் வகையான் ஒன்றே. ஆதலின் மரத்தின்பால் அன்புகொண்டு அதன் துன்பத்தைத் தன் துன்பமாகக் கருதும் ஒருவனை நகைத்தல் சைவநெறிக்கு ஏலாது. அவன் அன்பு மெய். அவன் கொண்ட வழி மெய்யோ என்பதே வினா.

அவர் கூறும் ஆற்றல் யாது? சிவபெருமானது சத்தி அறிவே வடிவாயது, அது சடமன்று. ஒருவர் கையினின்றும் மற்றொன்றிற் பாய்வது, பயிற்சியாற் கூடுவது, கூலிக்கு அளிக்கப்படுவது என்றெல்லாம் கூறப்படுவது சிற்சத்தி ஆகாது. அஃது உளதாயின் வெம்மையும் ஒளியும் போல மாயையின் காரியமே ஆதல் வேண்டும். மாயையின் காரியமாயின், பிற பொருள்களைச் சோதிக்குமாறு அதனையும் சோதித்துப் பயன் காட்டுதல் வேண்டும். ஆற்றல் செலுத்திய செடிகளையும் செலுத்தாத செடிகளையும் ஒருங்குவைத்து எண்ணிக் காட்டுக. அற்றன்று, அது திருவருளே எனின், திருவருள் நம் ஏவலின்வழி நிற்பதன்று. விலைக்கு விற்கப்படுவதும் அன்று. சோதனை கேட்டவழி அருள் என்றும், அருளின் இயல்பை வினவியவழி இயற்கையாற்றல் என்றும் மாறிமாறி உரைத்தல் இரண்டனுள் ஒன்றினும் நில்லாமையாம்.

அற்றேல், திருவோத்தூரில் ஆண்பனைகள் காய்த்தது யாங்ஙனம் எனின், கூறுதும். ஆண்டு அடியார் ஒருவர் சிவபெருமானுக்கென வளர்த்த பனைகள் எல்லாம் ஆண்பனைகளாயின. புறச்சமயத்தார் அவரை எள்ளினர். அவர் திருஞானசம்பந்தரிடம் முறையிட, பிள்ளையார் திருக்கோயிலிற் புகுந்து பதிகம் பாடியருளப் பனைகள் குலையீன்றன என்று சேக்கிழார் அருளிச்செய்தார். அங்கே பிள்ளையார் பனையின்மேற் கைவைத்துத் தம் ஆற்றலைச் செலுத்தினாரல்லர், இறைவனைப் பாடினார். அவ்வடியாரும் நட்டுப் பேணி வளர்த்தபின்னரே முறையிட்டார். உழைப்பை ஒழித்து அற்புதத்தை எதிர்நோக்கினாரல்லர். அப்பனைகள் தம் காலங்கழிந்தபின் பிறவி நீங்கிச் சிவத்தைக் கூடின என்பதும் சேக்கிழார் வாக்கு. ஆகவே அவ்வருட்செயல் காயை மட்டும் கருதியதன்று. மரத்துள் நின்ற உயிரின் ஈடேற்றத்தைக் கருதியது.

இனி, நம் கைக்கு எட்டியது யாதென நோக்குவாம். கி.பி. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் பிருகத்சங்கிதையில் மரமருத்துவம் கூறுமிடத்து, குளிர், காற்று, வெயில் என்பவற்றால் மரம் நோயுறும் என்றும், இலை வெளிறலும் கிளை உலர்தலும் சாறு ஒழுகலும் அதன் குறிகள் என்றும் கூறி, முதற்கண் கருவியால் நோயுற்ற பகுதியைத் தூய்மைசெய்க என விதித்தார்; வாய்விடங்கமும் நெய்யும் சேறும் கலந்த பூச்சு அதன் பின்னரே. 1925-இல் தொடங்கிய பாலெஹொன்னூர்க் காப்பி ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றின் வழி இன்று உழவர்க்குக் கிடைக்கும் அறிவுரையும் இதனோடு ஒத்ததே. வண்டு பறக்குங் காலத்துக்கு முன் ஒவ்வொரு தண்டையும் பார்த்தல், செதிற்பட்டையைத் தேய்த்து நீக்கி முட்டையிடும் வெடிப்பை ஒழித்தல், நூற்றுக்குப் பத்துப் பங்கு சுண்ணாம்புக் கரைசலைத் தண்டிற் பூசுதல், புழுப்புகுந்த செடியைக் களைந்து எரித்தல், எல்லாவற்றினும் மேலாக நிழல்மரங்களைப் பேணுதல் என்பன அவை. புழு குடைந்த தண்டின்மேல் வரம்புபோற் புடைப்புகள் தோன்றும். அவற்றை அறிதற்கும் தண்டின்மேற் கைவைத்தல் வேண்டும். கண்ணைமூடி வைக்கும் கை ஒன்று. கண்ணைத் திறந்து தடவி நோயைத் தேடும் கை மற்றொன்று. மரத்துக்கு வேண்டுவது பின்னையது.

வண்டும் உயிரன்றோ எனின், அது நல்ல தடையே. தொல்காப்பியர் தும்பியை நான்கறிவுயிர் என்றமையின், அவ்வினத்தது ஓரறிவுடைய மரத்தினும் மேம்பட்டது. எனவே மரத்தைக் காத்தற்பொருட்டு வண்டைக் கொல்லுதலிற் பாவமில்லை என்று எளிதாக மொழிதற்கில்லை. ஆயின் மேற்கூறியவற்றுட் பெரும்பாலன கொல்லாது தடுப்பன என்பது காண்க: நிழலுள்ளவிடத்து வண்டு நாடாது, வெடிப்பில்லாவிடத்து முட்டை தங்காது. அவற்றிற்குத் தப்பிய செடியை எரிக்குங்கால், அதன்கண் உள்ள புழுக்களும் மடிகின்றன என்பதை அறிந்து, வினையை ஏற்று, இரக்கத்தோடு செய்தலே நேர்மை. ‘ஆற்றல் செலுத்தினேன், ஒன்றையும் கொன்றிலேன்’ என்று நோயுற்ற செடியை நிற்கவிட்டால், அதனினின்று பறந்த வண்டுகள் அயலான் தோட்டத்தை அழிக்கும். தன் கையைத் தூயதென்று காட்டுதற்கு அயலான் சோற்றில் மண்ணிடுதல் கொல்லாமை ஆகாது.

நஞ்சையே நம்பித் தோட்டமெங்கும் தெளிப்பாரும் இக்குற்றத்துக்குத் தப்பினாரல்லர். எண்டோசல்பான் என்னும் நஞ்சை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது, அது மக்கள் உடலிற் செய்த கேட்டைக் கருதியே. தெளிப்பவன் மூச்சினும் அந்நஞ்சு புகும். உழையாமல் நோய் தீரவேண்டும் என்னும் விருப்பமே ஒருவனை மாயக்கையிடத்தும், மற்றொருவனை நஞ்சுக்குப்பியிடத்தும் செலுத்துகின்றது.

அவ்வாறாயின் மரத்தின்பொருட்டு வழிபடுதல் வீணோ? அன்று. நந்தவனம் அமைத்தலைச் சரியைத் தொண்டாக வகுத்தது நம் சமயம். திருநாவுக்கரசர் திருவாயில் தமிழ்ப்பதிகமும் திருக்கையில் உழவாரமும் ஒருங்கே விளங்கின. சூலைநோய் அருளால் தீர்ந்த அப்பெருமான், திருமுற்றத்துப் புல்லையும் அருளே செதுக்கிவிடும் என்று உழவாரத்தைக் கீழே வைத்தாரல்லர். மலைச்சரிவில் நிழல்மரம் ஒன்றை நட்டு, நோயுற்ற தண்டைத் தேய்த்துச் சுண்ணாம்பு பூசி, அதன்பின் ‘இனி நின் செயல்’ எனக் கைகுவிப்பவன் வழிபாடு முழுமையுடையது. வாயில் தேவாரமும் கையில் உழவாரமும் கூடியவிடத்தே மரமும் தழைக்கும், உயிரும் தழைக்கும்.

திருச்சிற்றம்பலம்