பிழை செய்ய ஒரு பருவம்

பெங்களூரு மல்லேசுவரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிற்கு என் அக்காள் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவான். ஓசூர்ப் பையன், இந்நகரிலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு பயில்கிறான். வந்ததும் நேரே சமையலறைக்குள் நுழைந்து தன் அத்தையிடம் கதையளப்பவன், சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் வாசல் படியிலேயே அமர்ந்துவிட்டான். நெடுநேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, ஒரு பொருளைப் பணம் கொடுத்து வாங்கினால் அது என்னுடையதுதானே?"

"ஆமாம்."

"அப்படியென்றால் அதை என்னுடையது என்று சொன்னால் பொய்யாகாதே?"

கேள்வியின் பின்னணியைக் கேட்டறிந்தேன். இறுதியாண்டு மாணவர்கள் தாமே ஒரு கருவியையோ மென்பொருளையோ உருவாக்கி, அறிக்கை எழுதி, தேர்வாளர் முன் விளக்க வேண்டும். 'புராஜெக்ட்' என்று நாமெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம். வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனத்தாரும் அதைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள். கல்லூரிகள் நிறைந்த பகுதிகளில் இதனை ஆயத்தமாகச் செய்து விற்கும் கடைகள் இருக்கின்றன. கருவி, அறிக்கை, தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கான விடைகள் ஆகிய மூன்றும் சேர்த்து ஒரே விலை.

2024-ஆம் ஆண்டுக் கோடையில் இந்நகரின் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டு, லாரித் தண்ணீருக்காக மக்கள் காத்துக் கிடந்ததை வாசகர்கள் அறிவார்கள். அந்த நாட்களில் இவனுக்கு உதித்த எண்ணம், மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து சொல்லும் ஒரு கருவி. எஸ்.பி. சாலைக் கடைகளில் ஏறி இறங்கி உதிரிப் பாகங்களை வாங்கி, தானே இணைத்துச் செய்திருந்தான். தொட்டியின் மூடியிலிருந்து காதுக்குக் கேளாத ஒலியலை கீழே செல்கிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. போய்வர ஆகும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. ஆனால் கருவி ஒழுங்காக வேலை செய்யவில்லை. காலையில் ஒரு மட்டம் காட்டியது. பம்பு ஓடாமலே பிற்பகலில் நீர் ஏறிவிட்டதாகக் காட்டியது. அவனுடைய நண்பனோ அதே வகைக் கருவியைக் கடையில் வாங்கிவிட்டான். பளபளப்பான பெட்டி, ஒளிரும் திரை, பிழையில்லாத அறிக்கை.

"எல்லோரும் வாங்குகிறார்கள் மாமா. இப்போது கடைக்குக்கூடப் போக வேண்டாம். கணினியிடம் கேட்டால் நிரலையும் அறிக்கையையும் அதுவே எழுதித் தந்துவிடுகிறது. நான் மட்டும் ஓடாத கருவியோடு போய் நின்றால் வேலை கிடைக்குமா? அப்பா வாங்கிய கல்விக்கடனை யார் அடைப்பது?"

உடனே என்னால் விடை சொல்ல முடியவில்லை. மாதந்தோறும் ஓய்வூதியம் வந்து சேரும் ஒருவன், கடன்பட்ட வீட்டுப் பிள்ளையிடம் 'பொய் சொல்லாதே' என்று உபதேசிப்பது மிக எளிது. அது உபதேசிப்பவனுக்குத்தான் எளிது என்பதையும் மறக்கக் கூடாது.

வேலைக்குத் தகுதி பெறுதல் என்பதன் பொருள்தான் என்ன? இன்று கல்லூரிகளில் இதற்கெனத் தனி வகுப்புகள் நடைபெறுகின்றன. நேர்முகத்தில் எப்படி அமர்வது, எப்படிப் பேசுவது, குழுவாக விவாதிப்பது எவ்வாறு, தன்விவரக் குறிப்பை எழுதுவது எவ்வாறு என்றெல்லாம் கற்பிக்கிறார்கள். இவற்றை ஏளனம் செய்வோர் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய கிராமத்து மாணவி, அறிவு நிறைந்திருந்தும் ஆங்கிலத்துக்கு அஞ்சி வாய் திறவாமல் திரும்புகிறாள் என்றால், அந்த அச்சத்தைப் போக்குவது புண்ணிய காரியமே. உள்ளே இருப்பதை வெளிப்படுத்தக் கற்பது வேறு. இல்லாததை இருப்பதாகக் காட்டக் கற்பது வேறு. இரண்டும் ஒரே வகுப்பறையில், ஒரே 'திறன்' என்ற பெயரில் நடப்பதால்தான் மாணவன் குழம்பிப் போகிறான்.

திறனைக் குறிக்கும் வடசொல் 'கௌசலம்'. அதன் அடியான 'குசலன்' என்ற சொல்லுக்கு முன்னோர் கூறும் விளக்கம் சுவையானது. தர்ப்பைப் புல்லைப் பறித்துக் கொண்டுவருபவன் என்பதே அதன் மூலப் பொருளாம். தர்ப்பையின் விளிம்பு கூர்மையானது. கவனம் தவறினால் கையை அறுத்துவிடும். காயமின்றிப் பறிக்கத் தெரிந்தவன் எவனோ அவனே குசலன். இது கேட்டறியும் வித்தையன்று. ஒருமுறையேனும் விரல் அறுபட்டவனுக்கே அது வாய்க்கும். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் யோகத்தையும் செயல்திறனையும் இணைத்துப் பேசும் இடத்திலும் இந்தச் சொல்தான் வருகிறது. அலுவலகச் சுவர்களில் அதை எழுதி மாட்டியவர்கள் பெரும்பாலும் 'வேகமாக வேலை பார்' என்பதாகவே பொருள் கொள்கிறார்கள். ஆதிசங்கரரோ தம் உரையில் அத்திறனை மனத்தின் சமநிலையோடு பிணைத்தே விளக்குகிறார். தன் கருவி ஓடவில்லை என்பதைப் பதற்றமின்றிப் பார்க்கும் மனம், வெற்றியைப் போலவே தோல்வியையும் ஆராயும் மனம், இதற்கு மிக அருகில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் சென்ட்ரல் கல்லூரியின் பழைய கட்டடம் இருக்கிறது. 1881-இல் மோட்சகுண்டம் விசுவேசுவரையா பட்டம் பெற்றது அந்தக் கல்லூரியில். முத்தேனஹள்ளி என்ற சிற்றூரிலிருந்து வந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தவர். குடகைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அதில் கிடைத்த வருவாயில் படித்தார். வறுமையில் படித்துப் பெரியவரானார் என்று மட்டும் இதனைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். நான் வேறொன்றை எண்ணிப் பார்ப்பதுண்டு. சிறுவர்களுக்குப் பாடம் சொல்பவன் தனக்குத் தெரியாததை அதிக நாள் மறைக்க முடியாது. 'ஏன்' என்று ஒரு குழந்தை இரண்டாம் முறை கேட்டால் சாயம் வெளுத்துவிடும். இதைவிடக் கண்டிப்பான பயிற்சி அவருக்கு எங்கே கிடைத்திருக்கும்?

மைசூர் அரசின் உதவித்தொகையோடு புணே சென்று, 1883-இல் பொறியியல் தேர்வில் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் பதவி. முதலிடம் பெற்றவருக்கு முதல் வேலைகளிலேயே இடர் காத்திருந்தது. கான்தேஷ் பகுதியில் நீரோட்டத்தின் குறுக்கே குழாய் அமைக்கும் பணி, மழைக்காலம் வேறு. மழை ஓயும்வரை ஒத்திவைக்கலாமா என்று மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டார். கண்டிப்பான பதில் வந்தது. வெள்ளத்தோடும் மணலோடும் போராடி அந்தப் பணியை முடித்தார். தமக்குள்ள இடரை மறைக்காமல் முதலில் எழுதிக் கேட்டார் என்பதையும், கண்டனம் வந்தபின் முணுமுணுப்போடு நின்றுவிடவில்லை என்பதையும் ஒருசேர நோக்க வேண்டும். அதே மனிதர் வடிவமைத்த தானியங்கி மதகுகள் 1903-இல் புணே அருகே கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் பொருத்தப்பட்டன. நீர் குறிப்பிட்ட உயரத்தை எட்டினால் தாமே திறந்து, தணிந்தால் தாமே மூடிக்கொள்ளும். மைசூர்த் திவானாக இருந்தபோது, 1917-இல் பெங்களூரில் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். பிற்காலத்தில் பத்ராவதி இரும்பாலைப் பணிக்காகத் தமக்கு வரவேண்டியிருந்த ஊதியத்தை இந்நகரில் ஒரு தொழிற்பயிற்சி நிறுவனம் தொடங்க அளித்தார். கையால் வேலை தெரியாத பட்டம் நாட்டுக்குச் சுமை என்ற கருத்து அவரிடம் இறுதிவரை இருந்தது.

என் மருமகனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். மாணவப் பருவத்துக்கு வேறு எந்தப் பருவத்துக்கும் இல்லாத ஒரு சலுகை உண்டு: பிறருக்குத் தீங்கின்றிப் பிழை செய்யலாம். உன் கருவி இன்று தவறாக அளந்தால் உனக்கு ஒரு மாலைப் பொழுது வீண். நாளை நீ பொறியாளனாகி அமைத்த கருவி தவறாக அளந்தால், ஒரு குடியிருப்பில் பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் தண்ணீர் நின்றுபோகும். செய்ய வேண்டிய பிழைகளை எப்படியும் செய்தே தீர வேண்டும். கடையில் வாங்குபவன் பிழையிலிருந்து தப்புவதில்லை. யாரையும் புண்படுத்தாத இடத்திலிருந்து, யாரையேனும் புண்படுத்தும் இடத்துக்கு அதை மாற்றி வைக்கிறான். உன்னுடையது என்று நீ சொல்வது பொய்யா இல்லையா என்பதை வழக்கறிஞர்கள் வாதிக்கட்டும். பொருள் உன்னுடையது, திறன் உன்னுடையதன்று.

அவன் விடவில்லை. "நிறுவனங்கள் எப்படியும் சேர்ந்தபின் மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கின்றனவே! மைசூரில் அதற்கென்றே பெரிய வளாகம் இருக்கிறது. எல்லாவற்றையும் அங்கே கற்றுக்கொள்ள முடியாதா?"

நியாயமான மறுப்பு. கணினி மொழிகளையும் கருவிகளையும் அங்கே கற்கலாம். ஆனால் 'எனக்குத் தெரியவில்லை' என்ற நிலையில் ஓடிப்போகாமல் தங்கியிருக்கும் பழக்கத்தை எந்த நிறுவனம் ஆறு மாதத்தில் கொடுக்கும்? அதையே நம் பெரியோர் சிரத்தை என்றார்கள். கணினி எழுதித் தரும் நிரலுக்கும் இதே உரைகல்தான்: ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உன்னால் சொல்ல முடிந்தால் அது உனக்கு ஆசிரியன், முடியாவிட்டால் முகமூடி.

நேர்மையாக இருந்தால் வேலை நிச்சயம் என்று நான் அவனுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அப்படிச் சொல்வதும் ஒரு பொய்தான். கடன் உண்மை, வாங்கியவர்களில் சிலர் முந்திக்கொள்வார்கள் என்பதும் உண்மை.

இரண்டு வாரம் கழித்து வந்தவன், அளவுகோலும் வெப்பமானியும் கேட்டான். இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் தொட்டியில் கோல் விட்டு அளந்து குறித்தான். மர்மம் விடுபட்டது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது; 20 பாகையில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர், 35 பாகையில் ஏறத்தாழ 352 மீட்டர். வெயிலில் மூடிக்குக் கீழுள்ள காற்று சூடேறியதும் எதிரொலி சற்று விரைந்து திரும்புகிறது. நீர் அருகில் வந்துவிட்டதாகக் கருவி எண்ணிக்கொள்கிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் பிழை.

மறு ஞாயிறு தன் நண்பனையும் அழைத்து வந்தான். வாங்கிய கருவியையும் அதே தொட்டியில் பொருத்திப் பார்த்தார்கள். அதிலும் அதே பிழை. அதுவரை யாரும் கோல் விட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வந்த நிறுவனம் இவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்த நேர்முகம் புதன்கிழமை. அதற்குள் இரண்டு கருவிகளிலும் வெப்பத்தை அளக்கும் பாகத்தைச் சேர்த்துவிட வேண்டும் என்று அன்று இருவரும் தொட்டியருகே குனிந்து அமர்ந்திருந்தார்கள். அவன் அத்தை கீழிருந்து இரண்டு முறை சாப்பிட அழைத்தும் இறங்கி வரவில்லை.