எடுக்கப்படாத பணம்

ஒரு பொருள் என்னிடம் இருக்கிறது. அதை நான் செலவழிக்க முடியாது, பிறருக்குக் கொடுக்க முடியாது, அதைக் காட்டி ஒரு கடனைக்கூடத் தீர்க்க முடியாது. ஆனாலும் அது என்னுடையது என்று எழுத்தில் இருக்கிறது. அவ்வாறாயின் 'என்னுடையது' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

சட்டக் கல்லூரி வினாத்தாளில் வரக்கூடிய கேள்விதான். எனினும் இன்று அது நம்மில் பலரின் வங்கிக் கணக்குக்குள்ளேயே வந்து குந்திக்கொண்டிருக்கிறது. வங்கியின் செயலியைத் திறந்தால் இரண்டு மீதிகள் தெரியும். ஒன்று கணக்கு மீதி, மற்றது பயன்படுத்தக்கூடிய மீதி. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்றுதான். அவை வேறுபடும் நாளில்தான் நாம் யோசிக்கத் தொடங்குகிறோம்.

எனக்கு அது நேர்ந்தது சென்ற வருடம் நோன்புக்கு முந்திய வாரத்தில். என் ராத்தா தெஹிவளையில் இருக்கிறார். 2020 மார்ச் ஊரடங்கின்போது வீட்டுச் சாமான்களை இணையத்தில் கேட்டு வாங்கும் பழக்கம் நாட்டில் பரவியதல்லவா, அன்று தொட்டு அவருக்கு வேண்டியதை நான் ஊரிலிருந்தே என் பற்று அட்டையால் வாங்கி அனுப்புவதுண்டு. அரிசி, பருப்பு, கோழி, மரக்கறி, பால்மா. மொத்தம் 14,200 ரூபா. பொதி கட்டும்போது கோழி நிறை கூடிவிட்டது. நான் கேட்ட பால்மா இல்லாமல் வேறொன்று வைத்தார்கள். தொகை 14,860 ஆயிற்று. கடை கூடிய 660 ரூபாவுக்கு அனுமதி கேட்கவில்லை. முழுத் தொகைக்கும் புதிதாகக் கேட்டது. பழைய அனுமதியும் அப்படியே நின்றது. என் சம்பளக் கணக்கில் இருந்த 31,500 ரூபாவில் 29,060 ரூபா பிடிபட்டுக் கிடந்தது. மறுநாள் வாப்பாவின் சீனி வருத்தத்துக்கு மருந்து வாங்கப் பாமசிக்குப் போனேன். விலை 3,900. அட்டை மறுக்கப்பட்டது.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். மரியாதையான பிள்ளை. "எங்களுக்கு 14,860 மட்டும்தான் வரும் ஸேர், நாங்கள் இரண்டு முறை எடுக்கவில்லை" என்றார். உண்மை. வங்கிக்குப் பேசினேன். "உங்கள் கணக்கிலிருந்து நாங்கள் அந்த 14,200ஐக் கழிக்கவில்லை, கடை விடுவிக்கச் சொன்னால் விடுவிப்போம், இல்லாவிட்டால் சில நாளில் தானாக விழுந்துவிடும்" என்றார்கள். அதுவும் உண்மை. ஒன்பதாம் நாள் அது விழுந்தது. வந்ததற்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியவர்கள் போனதற்கு ஒன்றும் அனுப்பவில்லை.

இதன் உள்வேலையை நான் பின்னர் தேடிப் படித்தேன். அட்டை இலக்கத்தைக் கொடுத்தவுடன் பணம் கடைக்குப் போய்விடுகிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. முதலில் கடை ஒரு கேள்வி கேட்கிறது: இந்த மனிதரிடம் இவ்வளவு இருக்கிறதா, எனக்காக ஒதுக்கி வைப்பீர்களா? வங்கி ஆம் என்று சொல்லி அத்தொகையை ஒதுக்குகிறது. பணம் உண்மையில் நகர்வது பின்னர், கடை கணக்கை அனுப்பும்போது. ஒரு காலத்தில் கடைக்காரர் தொலைபேசி எடுத்து இந்தக் கேள்வியைக் கேட்டார். இன்று விசா என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் 1973 இல் அதைக் கணினிக்கு மாற்றியது. 1987 இல் இதற்கென ஒரு சர்வதேச நியமமும் வந்தது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் இலக்கம். 0100 என்றால் அனுமதி கேட்கிறேன் என்று பொருள். 0400 என்றால் கேட்டதை மீட்டுக்கொள்கிறேன் என்று பொருள். என் விடயத்தில் 0100 இரண்டு முறை போயிருக்கிறது. 0400 போகவில்லை. அவ்வளவுதான். சில வேளைகளில் இணைய இணைப்பு நடுவில் அறுந்து, பதில் கடைக்கு வந்து சேராமல், அதே கேள்வி மறுபடி போவதாலும் இப்படி நேரும்.

சாமான் கடையில் இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம் உண்டு. புத்தகத்துக்கும் சட்டைக்கும் விலை முன்கூட்டியே தெரியும். மீனுக்கும் கோழிக்கும் தராசில் வைத்த பிறகுதான் தெரியும். அமெரிக்காவின் பெற்றோல் நிலையங்களிலும் இதே சிக்கல்தான். எவ்வளவு அடிப்பார் என்று தெரியாததால் ஒரு பெருந்தொகையைப் பிடித்து வைக்கிறார்கள். 2022 இல் விலை ஏறியபோது அங்கு அந்த உச்சத் தொகையை 125 டொலரிலிருந்து 175 ஆக உயர்த்தினார்கள். இருபது டொலருக்குப் பெற்றோல் அடித்த கூலித் தொழிலாளியிடம் 175 டொலர் சில மணி நேரமோ சில நாட்களோ நின்றுவிடலாம்.

ஒன்பதாம் தரப் பிள்ளைகளிடம் இதைக் கணக்காகக் கொடுத்துவிட்டு, யாராவது களவெடுத்தார்களா என்று கேட்டேன். பெரும்பாலானோர் இல்லை என்றார்கள். கடைசி வாங்கில் இருந்த ஒருவன் மட்டும், "பஸ்ஸில யன்னலால லேஞ்சியைப் போட்டு சீட் பிடிக்கிற மாதிரி ஸேர்" என்றான். லேஞ்சி போட்டவர் முன்கதவால் ஏறி வேறொரு ஆசனத்தில் அமர்ந்துவிட்டார். லேஞ்சி பின்னால் கிடக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி நின்றுகொண்டு வருகிறாள். ஆசனம் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆளிருக்கிறது. நான் படித்த எந்த விளக்கத்தையும்விட இது தெளிவாக இருந்தது.

முதல் லேஞ்சியை நான் குறை சொல்லமாட்டேன். முகம் தெரியாத ஒருவனுக்காகக் கோழியை வெட்டிப் பொதி கட்டி வாகனத்தில் ஏற்றும் கடைக்கு ஓர் உறுதி வேண்டும். அது நியாயம். நானும் அதற்குச் சம்மதித்தே இலக்கத்தைக் கொடுத்தேன். பொருளைக் கொடுக்குமுன் ஈடு கேட்பது நம் வாழ்விலும் உள்ளதுதான். ஆனால் ஈட்டுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. நகையை அடகு வைத்தவன் கடனைத் தீர்த்த கணமே நகை மீது மற்றவருக்கிருந்த பிடி அற்றுப்போகிறது. அதன் பிறகும் அது அலுமாரியில் இருந்தால் அது ஈடு அல்ல, அமானிதம். அமானிதத்தை உரியவனிடம் சேர்ப்பது வைத்திருப்பவனின் கடமை. உரியவன் வந்து கெஞ்சுவான், அல்லது ஒரு வாரத்தில் பூட்டு தானாகத் திறக்கும் என்று காத்திருப்பது கடமையைச் செய்தல் ஆகாது. பயன்படாத அனுமதியைக் கடையே மீட்க வேண்டும் என்றுதான் அட்டை நிறுவனங்களின் விதிகளும் சொல்கின்றன.

அப்படியானால் குற்றம் யார் மீது? இங்கேதான் என் மனம் அதிக நேரம் தங்கியது. கடை சொன்னது உண்மை, வங்கி சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கு நடுவில் வாப்பாவின் மருந்து பாமசித் தட்டில் இருந்தது. பொய் சொல்லாதவர்கள் சேர்ந்து ஒரு தீங்கைச் செய்ய முடியும் என்பதை நம் நீதிக் கதைகள் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவற்றில் ஏமாற்றுபவன் ஒருவன் இருப்பான், அவன் கடைசியில் பிடிபடுவான். இங்கே ஏமாற்றியவன் இல்லை. தன் பங்கு முடிந்ததும் திரும்பிப் பார்க்காத பலர் இருக்கிறார்கள். 'நான் எடுக்கவில்லை' என்பது போதுமான விடை என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், 'நான் விட்டுவிட்டேன்' என்று சொல்லக்கூடியவனே விடை சொன்னவன்.

தடுத்து வைத்தல் என்ற சொல்லும் என்னைச் சும்மா விடவில்லை. வங்கி ஊழியர் தமிழில் அதைத்தான் பயன்படுத்தினார். 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அச்சொல் பணத்தை நினைவூட்டுவதில்லை. குற்றம் சாட்டப்படவில்லை, தண்டிக்கப்படவில்லை, ஆனால் வீட்டில் இல்லை என்ற நிலையை நினைவூட்டுகிறது. ஒரு மனிதனின் மாதங்களை என் ஒன்பது நாளோடு ஒப்பிடுவது அநியாயம், ஒப்பிடவும் இல்லை. இரண்டு இடத்திலும் அதிகாரம் ஒரே வசனத்தைப் பேசுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்: நாங்கள் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே.

இன்னொன்று. கடனட்டை வைத்திருப்பவருக்கு இது பெரும்பாலும் தெரியவே தெரியாது. அவருக்குப் பிடிபடுவது வங்கி தரவிருந்த கடனின் எல்லை. இலட்சக் கணக்கான எல்லையில் பதினாலாயிரம் ஒரு பொருட்டல்ல. பற்று அட்டைக்காரனுக்குப் பிடிபடுவது அவன் உழைத்த காசு. ஒரே இலக்கம், ஒரே விதி, ஒரே ஒன்பது நாட்கள். ஒருவருக்கு அது திரையில் ஒரு வரி, மற்றவருக்கு அந்த வாரத்துச் சோறு. விதி எல்லோருக்கும் சமமாக இருப்பதால் அது நீதியானது என்று சொல்பவர்கள், மாதக் கடைசியில் ஓர் ஆசிரியரின் பணப்பையை எட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய கடைக் கொப்பியே மேல் என்று இவ்விடத்தில் எழுதிவிட ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன். எங்கள் ஊர்ச் சில்லறைக் கடையில் வாப்பாவின் பெயரில் ஒரு கொப்பி இருந்தது. கடைக்காரர் முதலில் சாமானைக் கொடுத்தார், பின்னர் காசை வாங்கினார். நம்பிக்கையின் சுமை அவர் தலையில் இருந்தது. அது பெரிய விடயம். ஆனால் அந்தக் கொப்பி எங்களையும் பிடித்துத்தான் வைத்திருந்தது. அடுத்த கடையில் மா மலிவென்றாலும் அங்கே போக முடியாது. பள்ளி விட்டு வரும்போது ஆட்கள் நடுவில், "வாப்பாட்ட சொல்லுங்க தம்பி" என்று கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. இயந்திரம் அப்படிக் கேட்பதில்லை. யார் முன்னாலும் தலை குனிய வைப்பதில்லை. பாமசியில் மறுக்கப்படும் வரையில்.

அன்று பாமசிக்காரர் மருந்தைக் கட்டித் தந்து, பிறகு தாருங்கள் என்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்டை மறுத்ததைக் கண்ணால் கண்ட பிறகும்.

வேறு விதமாகச் செய்ய முடியாததல்ல இது. இந்தியாவில் 2008 முதல் பங்குகளுக்கு விண்ணப்பிக்கும் பணத்தை விண்ணப்பதாரியின் கணக்கிலேயே தடுத்து வைக்கும் முறை இருக்கிறது. பங்கு கிடைக்கும் வரை வட்டி அவருக்கே சேர்கிறது. அங்கே ரிசர்வ் வங்கி 2019 இல், கணக்கிலிருந்து கழிக்கப்பட்டும் கடைக்குக் கிடைத்த உறுதி வராத இணையவழி அட்டைப் பணம் ஐந்து நாளுக்குள் திரும்பாவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபா நட்டஈடு என்று விதித்தது. காத்திருப்பவனின் நாளுக்கும் ஒரு விலை உண்டு என்று ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். கழிக்கப்படாமல் வெறுமனே பிடித்து வைக்கப்பட்ட பணத்துக்கும் அப்படி ஒன்று எழுதுவது கடினமான காரியமா? அதற்கு முன், கூடிய தொகைக்கு மட்டும் அனுமதி கேட்கலாம். இரண்டாவது கேள்வியை அனுப்பும் கையாலேயே முதலாவதை மீட்கலாம். ஆகக் குறைந்தது, பிடித்த தொகையையும் விடும் திகதியையும் சொல்லி ஒரு வரி அனுப்பலாம். நான் மருந்து வாங்குவதற்கு வேறு வழி பார்த்திருப்பேன்.

இப்போது ராத்தா சாமான் வந்து சேரும்போது காசாகக் கொடுக்கிறார். கொண்டுவரும் பையனிடம் பெரிய தாளுக்கு மிச்சம் இருப்பதில்லை. சென்ற முறை நாற்பது ரூபா குறைந்தது. ராத்தா அதைச் சமையலறைக் கலண்டரில் அன்றைய திகதியின் கீழ்ப் பென்சிலால் குறித்து வைத்தார். அடுத்த வாரம் அவன் பொதியை இறக்குமுன் நாற்பது ரூபாவை நீட்டினானாம். ராத்தா அவன் பார்க்க அதை அழித்துவிட்டாராம்.